அபூர்வமான தாடை

நோயிலிருந்து எழுந்து வந்தவர்கள் எழுதுவதை நானும் படித்திருக்கிறேன். கடைசியில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். மழையை ரசிக்கிறார்கள், பேச்சுவார்த்தை இல்லாதவர்களை மன்னிக்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே நான் கடுகடுப்பானவள்தான். பாதித் தாடையை அங்கே விட்டுவிட்டு வந்த பிறகு கடுகடுப்புக்குக் காரணங்கள் கூடியிருக்கின்றன. கீழ்த்தாடை வலியோடு ஏதாவதொரு பல் வைத்தியரின் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு எழுந்து வேறிடத்துக்குப் போனால் எனக்குப் போதும்.

என் பெயர் புவனேஸ்வரி. வயது நாற்பத்து மூன்று. கணவர் ரவி கண்டி டவுனில் ஒரு இரும்புச் சாமான் கடையில் ஸ்டோர் கீப்பர். வீடு அம்பிட்டியவில். நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். நீதிபதியும் சட்டத்தரணிகளும் சிங்களத்தில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வேன். சாட்சி தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் திருப்பிச் சொல்வேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சாட்சி கெட்ட வார்த்தை பேசினால் அதையும் முகம் மாறாமல் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடமாக இந்த வாய்தான் எங்கள் வீட்டுக்குப் பாதிச் சோறு போட்டது.

முதலில் வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் மந்தமான ஒரு வலி வந்தது. டவுனில் பேர் போன தனியார் பல் வைத்தியர் ஒருவரிடம் போனேன். காத்திருக்கும் அறையில் மீன் தொட்டி, குளிரூட்டி, தோல் உறை போட்ட கதிரைகள். வாய்க்குள் பார்த்த நேரத்தைவிடக் கையுறை மாட்டிய நேரம் அதிகம். ஈறு வீக்கம் என்றார். ஐந்து நாளைக்குக் குளிசை தந்தார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ரவி என் நாடியைக் காட்டி, "புவனா, தேத்தண்ணி வழியுது," என்றார். எனக்குத் தெரியவே இல்லை. தொட்டுப் பார்த்தேன். கீழுதட்டின் வலது பாதி மரத்துக் கிடந்தது.

மறுபடியும் மீன் தொட்டி. "டென்ஷன்தான் மிஸிஸ். கோர்ட் வேலைதானே," என்றார் வைத்தியர். பல் ஆடுகிறது, கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று கழற்றினார். பல்லில் ஒரு சொத்தை கிடையாது. வெள்ளையாக, முழுசாக, தட்டில் கிடந்தது. அது ஏன் ஆடியது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பல் இருந்த குழி ஆறவில்லை. அதற்குள்ளிருந்து கெட்டியாக ஏதோ வளர்ந்து வந்தது. மூன்றாவது தடவை போனபோதுதான் அவருக்கு ஒரு கேள்வி பிறந்தது.

"வெத்தல போடுவீங்களா?"

இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அட்டென்டன் கேட்டான். எக்ஸ்ரே அறையில் கேட்டார்கள். என்னோடு பத்து வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட கிளார்க் கேட்டாள். நான் வாழ்க்கையில் வெற்றிலையைத் தொட்டது கல்யாண வீடுகளில் தட்டை வாங்கும்போது மட்டும்தான். ஆனால் வாயில் புற்று என்றால் வெற்றிலை, வெற்றிலை என்றால் தேயிலைத் தோட்டக்காட்டு ஆள் என்று கண்டியில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் என்னையும் சேர்த்துவிட்டார்களே என்றுதான் எனக்கு முதல் கோபம் வந்தது. நோய்மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை.

ரவி அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். "இந்த ஆளுகிட்ட இனி வேணாம். நாளைக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்று துண்டுச் சீட்டு எடுத்து, பதினொரு மணிக்கு உள்ளே போனோம். படிப்பை முடித்து அதிக நாள் ஆகியிருக்காத ஒரு பெண் டொக்டர் வாய்க்குள் விரலைவிட்டு எலும்பின் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். உதட்டை ஒரு பஞ்சு நுனியால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். உடனே தாடைப் படத்துக்கு எழுதினாள். நின்றபடியே நாடியை ஒரு தாங்கியில் வைத்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போகும். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை மீன் தொட்டிக்காரர் இரண்டு மாதமாக எனக்குத் தரவில்லை. காரணமில்லாமல் உதடு மரத்தால் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் எழுந்து போங்கள்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்தப் பெண் அதை இறக்கி, மறுபடியும் உயர்த்திப் பார்த்தாள். தீர்ப்பை வாசிப்பதற்கு முன் நீதிபதிகளும் கடதாசியை அப்படித்தான் இன்னொரு தடவை பார்ப்பார்கள். வலப்பக்கத் தாடை எலும்பின் விளிம்பிலிருந்து மெல்லிய கோடுகள், சின்னப் பிள்ளை வரைந்த சூரியனின் கதிர்கள் மாதிரி, வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

பிறகு சதைத்துண்டு எடுத்தார்கள். மரக்க ஊசி போட்டு, வளர்ந்திருந்ததிலிருந்து ஒரு பருப்பளவு. முடிவுக்குக் காத்திருந்தோம். முதல் முடிவில் தெளிவில்லை, இன்னொரு நிபுணரும் பார்க்க வேண்டும் என்றார்கள். உடைந்து ஆறுகிற எலும்பும் இந்த நோயும் நுணுக்குக் கண்ணாடியின் கீழ் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்குமாம். மறுபடி காத்திருந்தோம்.

அந்த வாரங்களில்தான் ரவியின் அக்கா பத்மா குருநாகல் வீதியால் பஸ் ஏறி வந்தார். கலகெதரயில் ஒரு நாட்டு வைத்தியர் தந்ததென்று ஒரு போத்தல் எண்ணெய் கொண்டுவந்தார். தடவினால் கட்டி கரைந்துவிடுமாம். போத்தலை என் கையில் வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. கொலைகாரன், திருடன் சொல்ற பொய்யெல்லாம் ஒன் வாயாலதானே வெளிய வருது. அந்தத் தோஷம் சும்மா விடுமா? ஒரு நேர்த்தி வச்சுக்க."

"பொய் சொன்னவனுக்கு ஒண்ணும் வரலியே அக்கா," என்றேன்.

"அவன் ஒரு தடவ சொன்னான். நீ பத்தொம்பது வருசமா சொல்ற."

வாதம் நன்றாகத்தான் இருந்தது. சட்டத்தரணிகளிடம்கூட அவ்வளவு நேர்த்தியைக் கண்டதில்லை. அவர் போன பிறகு அந்த எண்ணெயை வாசல் கேட்டின் கீலுக்கு ஊற்றினேன்.

முடிவு வந்த நாளில் பெரிய டொக்டரைப் பார்த்தோம். ஐம்பது வயதுச் சிங்களப் பெண்மணி. வாயும் தாடையும் வெட்டித் தைப்பதுதான் அவருடைய வேலை. நான் எழுதும் இந்தக் கதையில் என்னால் ஏளனம் செய்ய முடியாத ஒரே டொக்டர் அவர். "எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"எல்லாம்," என்றேன்.

ஒரு கடதாசியைத் திருப்பி, பின்பக்கத்தில் தாடையை வரைந்தார். நோயின் பெயர் ஒஸ்டியோசார்கோமா. எலும்பைக் கட்டுகிற உயிர்க்கலங்கள் வழி தவறி, தேவையில்லாத இடத்தில் தேவையில்லாத எலும்பைக் கட்டிக்கொண்டே போவது. பெரும்பாலும் வளரும் வயதுப் பிள்ளைகளின் முழங்கால் பக்கத்தில் வரும். தாடையில் வருவது மிக அபூர்வம். வெற்றிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உதட்டுக்கு உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பு தாடை எலும்புக்குள்தான் ஓடுகிறது. அதை நோய் நெரித்ததால்தான் உதடு மரத்தது. நெஞ்சை ஸ்கான் செய்து நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போகவில்லையென்றால் முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கி, பிறகு வலப்பக்கத் தாடையை நாடி தொடங்கிக் காதுப் பொருத்துவரை எடுத்துவிட்டு, காலிலிருந்து ஒரு எலும்பைக் கொண்டுவந்து அந்த இடத்தில் பொருத்த வேண்டும். அதன்பிறகு மறுபடி மருந்து.

"காலில் எலும்பு எடுத்தால் நடக்க முடியுமா?" என்று ரவி கேட்டார்.

"முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு இருக்கிறது. எடுப்பது மெலிந்ததை. நடப்பார்."

"பேச முடியுமா?" என்று நான் கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பேசுவீர்கள். இப்போது பேசுகிற மாதிரி பேசமாட்டீர்கள்."

வெளியே வந்ததும் ரவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். வெற்றிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற ஒரு வாக்கியத்தைத்தான் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். சாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கோ கௌரவம் காப்பாற்றப்பட்டதில் ஒரு நிம்மதி.

நுரையீரல் சுத்தமாக இருந்தது. மருந்தேற்றும் வார்டுக்குப் போனேன். தலைமுடி போனது, புருவமும் போனது. வாய்க்குள் புண் வந்து தண்ணீரே மிளகாயாக எரிந்தது. அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் அப்பிளும் கிறீம் கிறக்கர் பிஸ்கட்டும் கொண்டுவந்தார்கள். தாடை நோய்க்காரிக்கு அப்பிள்! கட்டிலைச் சுற்றி நின்று தங்களுடைய மாமாவுக்கு, சித்திக்கு வந்த புற்றுநோய்களைப் பற்றிச் சொன்னார்கள். எல்லாக் கதையிலும் நோயாளி செத்துப்போனார். "ஆனா நீங்க தைரியமா இருங்க," என்று முடித்தார்கள்.

வீட்டில் ரவி அரிசி, பருப்பு, மீன் எல்லாவற்றையும் ஒன்றாக அவித்து, மிக்சியில் அடித்து, வடிகட்டித் தருவார். பழுப்பு நிறத்தில் சுவர்ப் பூச்சு மாதிரி இருக்கும். தருவதற்கு முன் தானும் ஒரு கரண்டி குடித்துப் பார்ப்பார்.

"எப்படி இருக்கு?" என்பேன்.

"கேவலமா இருக்கு. உப்புப் போட்டிருக்கேன், குடி."

நல்லாயிருக்கு என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. அந்த மாதங்களில் நான் முழுதாக நம்பிய ஆள் அவர் மட்டும்தான்.

சத்திரசிகிச்சைக்கு ஒரு வாரம் முன்னதாக வார்டில் படுக்கச் சொன்னார்கள். அபூர்வம் என்ற சொல்லின் பலன் அங்கே தெரிந்தது. காலையில் மாணவர்கள் கூட்டமாக வந்து என் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். வாயைத் திறக்கச் சொல்வார்கள். ஒருவன் டோர்ச் அடிப்பான், பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். என் பெயரை யாரும் கேட்கவில்லை. ஒருவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் வாய்க்கு நேராகப் பிடித்தான். "தம்பி, உன் அம்மா வாயைப் பிறகு படம் பிடி, முதலில் அனுமதி கேட்கப் பழகு," என்று நல்ல நீதிமன்றச் சிங்களத்தில் சொன்னேன். அவன் காது சிவந்தது. அன்றைய நாள் எனக்கு நன்றாகக் கழிந்தது.

அடுத்த கட்டிலில் முத்தம்மா என்று ஒரு பெண் இருந்தாள். மடுல்கெல்லப் பக்கத் தோட்டம். ஐம்பத்தெட்டு வயது. வெற்றிலைக் கறை ஏறிய பற்கள், கன்னத்தின் உட்பக்கம் பெரிய புண். வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும். அவளுடையது எல்லோருக்கும் வருகிற சாதாரணப் புற்று. மாணவர்கள் அவளிடம் நிற்காமல் போனார்கள். டொக்டர்கள் சிங்களத்தில் எது கேட்டாலும் "ஓவ், ஓவ்" என்பாள். ஆமாம் என்று அர்த்தம். அவளுக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாள் நான் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளுடைய தூக்குச்சட்டி வாசமும் துணிப்பையும் எனக்கு எரிச்சலாக இருந்தன. என் அம்மாவும் மலையில் கொழுந்து கிள்ளியவள்தான். அதை நான் நீதிமன்றத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் ஒரு இளம் டொக்டர் படிவமும் மைப்பெட்டியுமாக முத்தம்மாவிடம் வந்தார். சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னார். "ஓவ்," என்றாள். கட்டைவிரலை நீட்டினாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தொழில் புத்தி.

"எதுக்குக் கைநாட்டு வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பல்லு புடுங்கத்தானேம்மா?"

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் தமிழா? நல்லது. சின்ன ஒபரேஷன் என்று சொல்லிவிடுங்கள்."

"சின்னதா?"

"முழுதும் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள். இந்த ஆட்கள் எல்லோரும் அப்படித்தான்."

இந்த ஆட்கள். அந்தச் சொல்லில் நான் இல்லை என்று அவர் நினைத்தார். முந்தின நாள்வரை நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"எனக்கு முழுதும் சொல்லுங்கள். நான் முழுதும் சொல்கிறேன். சுருக்கிச் சொன்னால் எங்கள் இடத்தில் வேலை போகும்," என்றேன்.

எரிச்சலோடு சொன்னார். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கன்னத்தை உள்ளேயும் வெளியேயும் சேர்த்து வெட்ட வேண்டும். கீழ்த்தாடையின் ஓரத்தையும் எடுக்க வேண்டும். கழுத்தில் இருக்கும் நெறிக்கட்டிகளை எடுக்க வேண்டும். கையிலிருந்து தோல் எடுத்து ஓட்டையை மூட வேண்டும். காயம் ஆறிய பிறகு வாரக்கணக்கில் கதிர்வீச்சு வைக்க வேண்டும். முகம் பழையபடி இருக்காது.

முத்தம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"எத்தன மாசத்துக்கும்மா?"

கேட்டுச் சொன்னேன். இரண்டு மூன்று மாதம் எல்லாம் சேர்த்து.

"செய்யாம வுட்டா?"

அதையும் கேட்டேன். அதையும் சொன்னேன். பெரிதாகும், கழுத்துக்கு இறங்கும், மூச்சை அடைக்கும்.

அவள் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். "ரோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் நான் ஸ்கான் எடுத்துவிட்டு வந்தபோது கட்டில் காலி. சொந்த விருப்பத்தில் போகிறேன் என்ற கடதாசியில் கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாளாம். இளம் டொக்டர் என் கட்டிலருகே நின்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"பார்த்தீர்களா? உங்கள் மொழிபெயர்ப்பு அந்த அம்மாவைக் கொன்றுவிடும்."

அடுத்த மூன்று நாள் என் தாடையைப் பற்றி நினைத்ததைவிட அந்தக் காலிக் கட்டிலைப் பற்றி நினைத்தது அதிகம். சரியாகச் சொன்னது சரிதான். ஆனால் சரியாகச் சொல்லும்போது எனக்குள் ஒரு திமிர் இருந்தது. அந்த டொக்டரின் மூக்கை உடைக்க வேண்டும் என்பதற்காக அவளைப் பயன்படுத்தினேனோ? அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். கூண்டில் நிற்கும் சாட்சிக்குச் சொல்வதுபோல் சொன்னேன்.

என் சத்திரசிகிச்சை காலையில் தொடங்கி இருட்டும்வரை நடந்ததாம். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குக் குழாய், மூக்கில் சாப்பாட்டுக்குக் குழாய், இடது காலில் கட்டு. முகம் என்னுடையதில்லை. வாய்க்குள் இருந்த நாக்கு என்னுடையதா என்றும் சந்தேகம். ஒரு மணிக்கொரு தடவை நர்ஸ் மிஸ் வந்து, பேனா மாதிரி ஒரு கருவியைப் புதிய தாடையின் மேல் வைப்பாள். காலிலிருந்து வந்த எலும்போடு வந்த ரத்தக் குழாயைக் கழுத்துக் குழாயோடு தைத்திருந்தார்கள். அதில் ரத்தம் ஓடுகிறதா என்று கேட்பதற்கு அது. ஷ்ஷ், ஷ்ஷ் என்று சத்தம் வந்தால் எலும்பு உயிரோடு இருக்கிறது. சத்தம் நின்றால் எல்லாம் வீண். அந்தச் சத்தம் வரும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன்.

ரவி ஒரு கொப்பியும் பேனாவும் வாங்கி வந்தார். நான் முதலில் எழுதினேன்: முகம் எப்படி?

பார்த்தார். நன்றாகப் பார்த்தார். "பூசணிக்கா மாதிரி வீங்கியிருக்கு. நாடி ஒரு பக்கம் கோணலாத்தான் இருக்கு. மிச்சம் வீக்கம் வடிஞ்சாத்தான் தெரியும்."

பிறகு என் காலைத் தொட்டுச் சொன்னார். "கால் விரல் அசையுது. நான் பாத்துட்டேன்."

பத்மா அக்கா ஒரு நாள் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் வாயில் சேலையை வைத்துக்கொண்டார். காலடியில் உட்கார்ந்து, கட்டுப் போடாத என் வலது காலை ஒரு மணி நேரம் பிடித்துவிட்டார். அவரைத் திட்டுவதற்கு என்னிடம் குரல் இல்லை. அப்படி ஒரு சமாதானம் எங்களுக்குள் அதற்கு முன் இருந்ததில்லை.

ஒன்பதாவது நாள், பார்வை நேரத்தில், ரவி பக்கத்தில் இருந்தபோது, வார்டு வாசலில் ஒரு துணிப்பை தெரிந்தது. முத்தம்மா. நேராக என் கட்டிலுக்கு வந்தாள். என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"ஒங்களுக்கும் பண்ணிட்டாங்களாம்மா?"

தலையசைத்தேன். கொப்பியில் எழுதி ரவியிடம் நீட்டினேன். அவர் வாசித்தார்: "பயந்துதானே போனீங்க?"

"பயமா?" என்றாள். "எம் மக குவைத்துல. அவ புள்ளைங்க ரெண்டும் எங்கிட்டதான் இருக்கு. பல்லு புடுங்குறதுதானேன்னு பக்கத்து வீட்டுல ஒரு வாரத்துக்குன்னு வுட்டுட்டு வந்தேன். நீங்க மூணு மாசம்னு சொன்னீங்க. அப்பறம் எப்புடி இங்க படுத்துக் கெடக்குறது? போயி எந் தங்கச்சி வீட்டுல சேத்து, இஸ்கூல்ல சொல்லி, தோட்டத்துல லீவு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். நீங்க சொல்லாம இருந்தா அந்தப் புள்ளைங்க கதி என்ன?"

நான் அழுதேன். கழுத்துக் குழாயோடு அழுவது அசிங்கமான காரியம். சளி கட்டி மூச்சுத் திணறி, நர்ஸ் மிஸ் ஓடிவந்து குழாயை உறிஞ்சித் துப்புரவாக்கி, என்னை ஏசிவிட்டுப் போனாள்.

இளம் டொக்டர் மறுபடியும் படிவத்தோடு வந்தார். முத்தம்மாவைக் கண்டதில் அவருக்கு ஆச்சரியம். என்னைப் பார்த்தார். என்னால் பேச முடியாது என்பது அவருக்குத் தெரியும். கடைச் சிங்களம் நன்றாகப் பேசும் ரவி அந்த இடத்தில் நின்றார். டொக்டர் சொல்லச் சொல்ல ரவி தமிழில் சொன்னார். ஆனால் ரவி இளகிய மனசுக்காரர். "கன்னத்துல கொஞ்சம் வெட்டுவாங்க," என்றார். நான் பேனாவால் கட்டில் கம்பியைத் தட்டினேன். கொப்பியில் எழுதினேன்: கொஞ்சம் இல்லை. உள்ளும் வெளியும். சுருக்காதீங்க.

ரவி வாசித்தார். அடுத்த வரியில் மறுபடி குறைத்தார். மறுபடி தட்டினேன். நாலாவது தடவை டொக்டரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, நான் தலையசைத்த பிறகுதான் அடுத்ததைச் சொன்னார். முடிந்ததும் முத்தம்மா மூன்று கேள்வி கேட்டாள். மூன்றுக்கும் பதில் வாங்கினாள். பிறகு கட்டைவிரலை மையில் தோய்த்தாள்.

என் தாடையின் முடிவு வந்தது. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. பெரிய டொக்டர் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் என் கொப்பியை வாங்கி, கீழே தன் கையால் "நல்லது" என்று சிங்களத்தில் எழுதினார். குழாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. மறுபடி மருந்தேற்றம், மறுபடி வாந்தி. அதைப் பற்றிச் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை. நடக்கப் பழகினேன். அம்பிட்டிய ஏற்றத்தில் முதல் தடவை வீடுவரை ஏறியபோது, முச்சக்கர வண்டிக்காரன் ஒருவன் பக்கத்தில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்து என் நாடியை ஆராய்ந்தான். ஏறுகிறீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு.

பேச்சுதான் கடினம். கீழுதட்டின் வலது பாதி மரத்தபடியே இருக்கிறது, இனியும் இருக்கும். உதடு சேர்ந்தால்தான் வருகிற ப, ம எல்லாம் நழுவிப்போகும். "அம்மா" என்று சொல்லிப் பாருங்கள், உதட்டுக்கு எவ்வளவு வேலை என்று தெரியும். நீதிமன்றத்தில் திரும்பச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு சட்டத்தரணி எழுந்து, மொழிபெயர்ப்பாளரின் உச்சரிப்பு விளங்கவில்லை என்று முறையிட்டார். மரியாதையான வார்த்தைகளில்தான். இப்போது எனக்குப் பெரும்பாலும் எழுத்து வேலை தருகிறார்கள். ஆவணங்களை மொழிபெயர்க்கிறேன். வேறு ஆள் இல்லாத நாட்களில் மட்டும் கூண்டருகே நிற்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நெஞ்சை ஸ்கான் செய்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முடிவு வரும்வரை ரவி சாப்பிடமாட்டார். சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்வார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

போன மாதம் கிளினிக்கில் முத்தம்மாவைச் சந்தித்தேன். கன்னத்தில் கைத்தோல் ஒட்டிய இடம் வேறு நிறத்தில் இருந்தது. வாயோரத்தில் எச்சில் வடியும்போதெல்லாம் துவாயால் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். வாங்குப் பலகையில் எங்கள் பக்கத்தில் இடமிருந்தும் யாரும் உட்காரவில்லை. "வசதியா இருக்கு," என்றாள் முத்தம்மா.

பெயர் கூப்பிட்டபோது அவளோடு நானும் உள்ளே போனேன். புதிதாக மாறி வந்த ஒரு டொக்டர் உட்கார்ந்திருந்தார். அவளுடைய கிளினிக் புத்தகத்தைப் புரட்டினார். அவள் வாயைப் பார்க்கும் முன்பே சிங்களத்தில் தொடங்கினார்.

"வெற்றிலை, பாக்கு, புகையிலை. எத்தனை போஸ்டர், எத்தனை கூட்டம். இவர்களுக்கு ஏறவே ஏறாது. ஏன் போட்டாள் என்று கேளுங்கள்."

நான் கேட்டேன். அந்த முதல் வரிகளையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

முத்தம்மா துவாயை மடியில் வைத்தாள். அவசரப்படவில்லை.

"வெடியக்காலையில ஒரு ரொட்டி. அதோட மலையேறுனா மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் கெடையாது. வெத்தல போட்டா பசி தெரியாது. நாப்பது வருசம் அப்புடித்தான் கொழுந்து எடுத்தோம். அந்தப் பசிக்கு அவரு என்ன மருந்து வச்சிருந்தாருன்னு கேளுங்க. இவரு குடிக்கிற தேத்தண்ணி வானத்துலேருந்தா வந்துச்சுன்னும் கேளுங்க. ஒண்ணையும் வுடாம சொல்லுங்கம்மா."

நான் திரும்பி நின்று சிங்களத்தில் சொன்னேன். ஒரு வரியும் விடவில்லை. பசிக்குச் சிங்களத்தில் படகினி என்பார்கள். அங்கும் அந்தச் சொல் உதட்டில்தான் தொடங்குகிறது. என் உதடு சேரவில்லை, காற்றுத்தான் வந்தது. டொக்டர் புருவத்தைச் சுருக்கி, விளங்கவில்லை என்று கையைக் காட்டினார்.

விரலால் கீழுதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் சொன்னேன். அது விளங்கியது.